புதிய முனையத்தில் 5 மணி நேர இடைவெளி: எங்கிருந்து சுற்றிப் பார்க்கத் தொடங்கலாம்?

கேள்வி: நெடுவழி

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் என் அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு நீண்ட பயணம் போகிறேன். வழியில் விமானம் மாறும் இடத்தில் எங்களுக்கு 5 மணி நேர இடைவெளி கிடைக்கிறது. அந்த நிலையத்தில் இப்போதுதான் ஒரு புதிய முனையத்தைத் திறந்திருக்கிறார்கள். நாங்கள் இறங்குவதும் மீண்டும் ஏறுவதும் அதிலேயே. விமான நிலையக் கட்டடங்களைப் பார்ப்பதில் எனக்குச் சிறு வயதிலிருந்தே தீராத ஆசை உண்டு. ஆகவே இந்த நேரத்தை ஒரே நாற்காலியில் உட்கார்ந்து கழிக்காமல், முனையத்தை நிதானமாகச் சுற்றிப் பார்க்க விரும்புகிறேன்.

என் தயக்கங்கள் இரண்டு. அம்மாவுக்கு 72 வயது. நன்றாக நடப்பார், ஆனால் கால் மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் நடந்தால் முழங்கால் வீங்கிவிடும். அடுத்து, அங்கே போய் வந்தவர்கள் எழுதிய குறிப்புகள் அதிகம் கிடைக்கவில்லை. கிடைத்தவையும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. இணைப்பு விமானத்துக்கான பாதுகாப்புச் சோதனை கீழ்த்தளத்தில் நடக்கிறது என்று ஒருவர் எழுதுகிறார், மேல்தளத்தில் என்று இன்னொருவர் எழுதுகிறார். எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பார்க்காமல் வரக்கூடாது, எங்கே எச்சரிக்கை தேவை என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற தரைப்பணியாளர்

செக்-இன் கவுண்டரிலும் கேட்டிலுமாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பழைய முனையத்திலிருந்து புதியதற்கு ஒரே இரவில் மாறிய அனுபவமும் உண்டு. அந்த முதல் வாரத்தில், எந்தக் கதவு எங்கள் அடையாள அட்டைக்குத் திறக்கும் என்பதுகூட எங்களில் பலருக்குத் தெரியவில்லை. அதனால் உங்களுக்குக் கிடைத்த குறிப்புகள் முரண்படுவதில் எனக்கு வியப்பில்லை. இரண்டு பேருமே உண்மையைத்தான் எழுதியிருப்பார்கள். புதிய முனையத்தில் சோதனை வரிசைகளைப் பகுதி பகுதியாகத் திறப்பதும் மாற்றுவதும் வழக்கம். இறங்கும் நாளன்று அங்குள்ள தகவல் பலகை என்ன சொல்கிறதோ, அதை மட்டும் நம்புங்கள்.

லண்டன் ஹீத்ரோவின் 5-ஆம் முனையம் 2008 மார்ச் 27 அன்று பயணிகளுக்குத் திறந்தபோது நடந்ததை எங்கள் தொழிலில் இன்றும் பாடமாகச் சொல்வார்கள். ஊழியர்கள் வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்தார்கள். சோதனையைக் கடந்து பணியிடத்துக்கு வரத் தாமதமானது. பைகளைப் பிரித்தனுப்பும் அமைப்பும் தடுமாறியது. இவையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்ததில், அடுத்த சில நாட்களில் சுமார் 500 விமானங்கள் ரத்தாயின, 20,000-க்கும் மேற்பட்ட பைகள் உரியவர்களோடு போகவில்லை. அமெரிக்காவின் டென்வர் விமான நிலையமோ, பெரிதும் அதன் தானியங்கி லக்கேஜ் அமைப்பு ஒழுங்காக ஓடாததால், 16 மாதங்கள் தள்ளிப்போய் 1995 பிப்ரவரி 28 அன்றுதான் திறந்தது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. புதிய முனையத்தில் முதலில் சிக்கலுக்குள்ளாவது பெரும்பாலும் பைதான் என்பதற்காகச் சொல்கிறேன். புறப்படும் ஊரில் பையை ஒப்படைக்கும்போதே, அதில் கட்டும் டேக்கில் நீங்கள் கடைசியாகப் போய்ச் சேரும் ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அதிலுள்ள 10 இலக்க எண்தான் பையின் அடையாளம். உங்களுக்குத் தரும் துண்டிலும் அதே எண் இருக்கும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் மருந்துகளும் ஒரு மாற்றுடையும் கைப்பையில் இருக்கட்டும்.

இறங்கியதும் வேறெதையும் பார்க்காமல் இணைப்புப் பயணிகளுக்கான சோதனையை முடித்துவிட்டு, நேராக உங்கள் கேட்டுக்குப் போங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிச் சுற்றிப் பார்த்தபடி வாருங்கள். எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், திரும்ப எத்தனை நிமிடம் வேண்டும் என்ற கணக்கு கையிலேயே இருக்கும்.

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேட்பதென்றால் பயணத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் பதிவு செய்துவிடுங்கள். ஆனால் அந்த உதவியாளர் உங்களைச் சோதனைகளைக் கடக்கவைத்து, கேட்டிலோ காத்திருக்கும் இடத்திலோ விட்டுவிட்டு அடுத்தவரை அழைத்துவரப் போய்விடுவார். சுற்றிப் பார்க்கும் நேரம் முழுவதும் அவர் உடனிருப்பார் என்று திட்டமிடாதீர்கள்.

மறுமொழி 2: கூரை நோக்கி

முன்னவர் சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. பல பெரிய நிலையங்களில் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதோ அதற்கும் பிறகோதான் கேட் எண்ணை அறிவிக்கிறார்கள். 5 மணி நேரத்துக்கு முன்பு போய் நின்றால் போவதற்குக் கேட்டே இருக்காது. அந்த நிலையில் முனையத்தின் நடுப்பகுதியை இருப்பிடமாக வைத்துக்கொள்வது நல்லது. எந்தக் கிளைக்கும் அங்கிருந்து ஏறக்குறைய ஒரே தூரம்தான். 2019-இல் திறந்த பெய்ஜிங் டாசிங் நிலையத்தை சாஹா ஹதீத் நிறுவனம் வடிவமைத்தபோது இதையே அடிப்படையாகக் கொண்டது. நடுவிலிருந்து கைகளைப் போல ஐந்து கிளைகள் பிரிகின்றன. மிகத் தொலைவிலுள்ள கேட்டுக்கும் சுமார் 600 மீட்டர்தான், எட்டு நிமிடத்துக்குள் நடந்துவிடலாம். மாறாக, ரென்ஸோ பியானோ வடிவமைத்து 1994-இல் திறந்த ஜப்பானின் கன்சாய் முனையம் 1.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே கோடு. உங்கள் முனையம் கிளைகளாகப் பிரிகிறதா, கோடாக நீள்கிறதா என்பதை வரைபடத்தில் பார்த்துக்கொண்டால், அம்மாவின் முழங்காலுக்கு எந்த அளவு வேலை என்பது முன்பே தெரிந்துவிடும்.

எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். தயவுசெய்து கடைகளிலிருந்து கண்ணை எடுத்து அண்ணாந்து பாருங்கள். நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1991-இல் திறந்த லண்டன் ஸ்டான்ஸ்டெட் முனையத்தில், கூரைமேல் வைக்கும் குளிரூட்டிக் கருவிகளையும் குழாய்களையும் தரைக்குக் கீழே கொண்டுபோனார்கள். கூரைக்குச் சுமை குறைந்தது, மேலிருந்து பகல் வெளிச்சம் இறங்கியது. அதன்பின் கட்டப்பட்ட எத்தனையோ முனையங்களில் அந்தச் சிந்தனையைக் காணலாம். 2006-இல் திறந்த மாட்ரிட்டின் 4-ஆம் முனையத்தில் மூங்கில் பட்டைகள் வேய்ந்த அலை போன்ற கூரையைச் சாய்ந்த தூண்கள் தாங்குகின்றன. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அந்தக் கட்டடத்தில், நடக்க நடக்கத் தூண்களின் நிறம் படிப்படியாக மாறிக்கொண்டே போகும். அழகுக்கு அழகு, எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்பதும் எழுத்தைப் படிக்காமலேயே தெரிந்துவிடும். உங்கள் முனையத்திலும் ஒரு தூண் தரையை விட்டு எழும் இடத்தையும், அது கூரையைத் தொடும் இடத்தையும் அருகில் நின்று பாருங்கள். கட்டியவர்கள் எவ்வளவு அக்கறை எடுத்தார்கள் என்பதை அந்த இரண்டு இணைப்புகளில் பார்த்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. விளம்பரப் படங்களில் வரும் இடங்கள் எல்லாமே டிரான்சிட் பயணிக்கு எட்டும் என்று நினைக்காதீர்கள். சிங்கப்பூர் சாங்கியின் ஜுவல் வளாகத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவியை அருகில் நின்று பார்க்கக் குடிநுழைவுச் சோதனையைக் கடந்து வெளியே வர வேண்டும். அந்நாட்டுக்குள் நுழையும் அனுமதி இல்லாதவர்களால் அது முடியாது.

மறுமொழி 3: ஒத்திகைப் பயணி

ஒரு புதிய முனையம் திறப்பதற்கு முன்பு நடந்த ஒத்திகையில் தன்னார்வலராகக் கலந்துகொண்டிருக்கிறேன். எங்களுக்குப் போலிப் பயணச்சீட்டும், எடை ஏற்றிய பெட்டியும், ஆளுக்கொரு வேடமும் கொடுத்தார்கள். பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டவர் வேடம் எனக்கு. அன்று முழுவதும் ஒரே அம்புக்குறியின் முன் பல பேர் தயங்கி நின்றதைப் பார்த்தேன். அம்பு மேல்நோக்கி இருந்ததால், நேராகப் போவதா, மாடிக்கு ஏறுவதா என்று யாருக்கும் புரியவில்லை. குறிப்பெடுக்க நின்றவர்கள் அதை உடனே எழுதிக்கொண்டார்கள்.

அதனால் பலகைகளைப் படிக்கும் முறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் நிலையத்துக்கு 1967-இல் பென்னோ விசிங் வடிவமைத்த மஞ்சள் பலகைகளின் வழியில், விமானத்துக்குப் போகும் வழியை ஒரு நிறத்திலும், கழிப்பறை, கடை போன்ற வசதிகளை வேறு நிறத்திலும் காட்டும் பழக்கம் பல நாடுகளில் பரவியிருக்கிறது. உங்கள் முனையத்தில் எந்த நிறம் எதற்கு என்று முதல் ஐந்து நிமிடத்தில் கண்டுகொண்டால், பிறகு அந்த ஒரு நிறத்தை மட்டும் பின்தொடர்ந்தால் போதும். வழி தெரியாமல் நின்றால் வெட்கப்படாமல் ஊழியரைக் கேளுங்கள். புதிய முனையத்தில் அப்படி ஒவ்வொருவரும் கேட்பதை வைத்துத்தான் பலகைகளைத் திருத்துகிறார்கள்.

நெடுவழி (ஊர் போய்ச் சேர்ந்தபின்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டோம். பைகளும் பத்திரமாக வந்து சேர்ந்தன. டேக் எண்ணைக் காட்ட வேண்டிய தேவை வரவில்லை. சோதனை கீழ்த்தளத்திலும் இல்லை, மேல்தளத்திலும் இல்லை. நாங்கள் இறங்கிய அதே தளத்தில் நடந்தது. பழைய பலகையின் மேல் புதிய அம்புக்குறியை ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய தாளின் ஒரு மூலை இன்னும் எழும்பியே இருந்தது.

கேட் எண் வரவில்லை என்பதால் நடுப்பகுதியிலேயே தங்கினோம். அம்மாவை ஒரு தூணருகே உட்காரவைத்துவிட்டு, ஒவ்வொரு கிளையாக நான் மட்டும் போய் வந்தேன். மூன்றாவது முறை திரும்பியபோது அம்மா எழுந்து நின்று தூணின் அடிப்பகுதியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரைத் திறப்பின் வழியாக விழுந்த வெயில், நாங்கள் வந்தபோது அவருடைய காலடியில் இருந்ததாகவும், இப்போது எதிர்வரிசை நாற்காலிகளுக்குப் போய்விட்டதாகவும் காட்டினார். எனக்கு அது கண்ணில் படவே இல்லை. கடைசி ஒரு மணி நேரம் எங்கும் போகாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வெயில் நகர்வதையே பார்த்தேன். திரும்பும் பயணத்தில் அதே முனையத்தில் 3 மணி நேரம் இருக்கிறது. வரும்போது அடைத்து வைத்திருந்த வடக்குக் கிளையை அதற்குள் திறந்துவிடுவார்களா என்று அம்மா இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்.