குடும்பக் குழுவில் பால் பிராய்ஸ்

சித்தி: இவன் அறைச் சுவரில் பால் பிராய்ஸ் என்று ஒருவர் படத்தை ஒட்டியிருக்கிறான். யாரென்று தேடினால், மலையிலிருந்து விழுந்து 27 வயதில் போய்விட்டவராம்! 😡

தம்பி: அம்மா, அது கடைசிப் பக்கம். முதலிலிருந்து படி.

பெரியப்பா: ஆஸ்திரியாக்காரர். 1886இல் ஆல்ட்டவுசேயில் பிறந்தவர். சின்ன வயதில் நோய் வந்து கைகால் விழுந்து, சக்கர நாற்காலியில் இருந்த பிள்ளை. தேறி வந்து மலையேறினார், தாவர இயலில் டாக்டர் பட்டமும் வாங்கினார்.

அக்கா: தம்பி, பட்டம் வாங்கினார் என்பதைக் கவனி 😀

சித்தி: அவ்வளவு படித்தவர் கயிறு கட்டியிருக்கலாமே அத்தான்?

தம்பி: 1911இல் சண்டையே அதற்குத்தான். பாறை இடுக்கில் இரும்பு ஆணி அடித்து, கயிற்றைக் கோத்து, அதைப் பிடித்து ஏறுவது அப்போது பரவிக்கொண்டிருந்தது. இவர் பத்திரிகையில் எழுதினார்: ஆணி திடீர் ஆபத்துக்கு மட்டும். கயிறில்லாமல் பத்திரமாக இறங்க முடியாத இடத்தில் ஏறவே கூடாது.

பெரியப்பா: டீட்டா பியாத்ஸ், ஃபிரான்ஸ் நீபெர்ல் என்று அந்தக் காலத்துப் பெரிய மலையேறிகளெல்லாம் மறுத்து எழுதினார்கள். ஆனால் இவர் வெறும் பேச்சுக்காரர் இல்லை. அதே ஆண்டு ஜூலையில், இன்றைய இத்தாலியில் இருக்கிற பிரென்டா மலைத்தொடரில் காம்பனீலே பாஸ்ஸோ என்கிற கல்தூணின் கிழக்கு முகத்தில், அதுவரை யாரும் ஏறாத வழியில், தனியாக, கயிறும் ஆணியும் இல்லாமல் ஏறிவிட்டார். உடன் வந்த சகோதரியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு!

சித்தி: ஐயோ, அந்தப் பெண் என்ன பாடு பட்டிருப்பாளோ.

தம்பி: அவர் விதிகளில் பாதுகாப்புக்குத்தான் முதலிடம் அம்மா. தன் திறமைக்கு மேலே போகாதே என்பதுதான் மொத்தமும்.

சித்தி: அப்படியென்றால் எப்படி விழுந்தார்?

பெரியப்பா: 1913 அக்டோபர் 3, ஆஸ்திரியாவில் மான்ட்ல்கோகெல் என்கிற மலையின் வடக்கு முகடு. தனியாகப் போனதால் பார்த்தவர் யாரும் இல்லை. பனி மூடிவிட்டது, உடல் சில நாள் கழித்துத்தான் கிடைத்தது. என்னைக் கேட்டால், விதியில் குறையில்லை. ஆனால் கல் பெயர்ந்தால் திறமை என்ன செய்யும்? தனியாகப் போனதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

தம்பி: நான் ஏறப் போவது ஜிம்மில் இருக்கிற பயிற்சிச் சுவர் பெரியப்பா. கயிறு இல்லாமல் விடவே மாட்டார்கள்.

சித்தி: சரி, ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன். கீழே கயிறு பிடிப்பது யாரென்று பார்க்க வேண்டும்.

தம்பி: வா. உனக்கே பிடிக்கச் சொல்லித் தருவார்கள்.

அக்கா: சித்தி பிடித்தால் அவன் நாலடிக்கு மேல் ஏறின மாதிரிதான் 😂