கொள்ளுத்தாத்தா சேணம், யார் செஞ்சதுன்னு கண்டுபிடிக்க முடியுமா?

பரண்பூனை:
வீட்ட இடிச்சு கட்டப் போறோம், பரண காலி பண்ணப்போ கோணிச்சாக்குல சுத்தின ஒரு குதிரை சேணம் கெடச்சுது. கொள்ளுத்தாத்தா வெள்ளக்காரன் காலத்து 27வது லைட் கேவல்ரிங்கற குதிரைப்படை, சண்டை முடிஞ்சு வரும்போது அவர் குதிரையோட சேணத்த கையோட கொண்டுவந்துட்டார்னு வீட்ல சொல்லி சொல்லியே வளந்தவன் நான். உக்கார்ற தோல் வெடிச்சிருக்கு, அடியில ரெண்டு மரப்பலகை, முன்னாடி பின்னாடி இரும்பு வளைவு. தொங்குற தோலுக்கு உள்பக்கம் ஒரு அம்புக்குறி, அதுக்கு கீழ இங்கிலீஷ் ஐ, பக்கத்துல 1917. அங்கவடில, அதான் கால் வைக்கிற வளையத்துல, வால்சால்னு இருக்கு. அப்போ வால்சால் கம்பெனியா?

சலங்கை:
வால்சால் கம்பெனி இல்லங்க, ஊரு. பர்மிங்காம் பக்கத்துல இருக்கு, சேணமும் அதுக்கான இரும்பு சாமானும்தான் பொழப்பே, அந்த ஊர் ஃபுட்பால் டீமுக்கே சேணக்காரங்கன்னுதான் பட்டப்பேரு. ஆனா அங்கவடி கழட்டி மாட்ற சாமான், அத வச்சு சேணத்த முடிவு பண்ணாதீங்க. அம்பும் ஐயும் இந்திய சர்க்கார் சொத்துங்கற முத்திரை, செஞ்சவர் முத்திரை இல்ல. கான்பூர்ல 1860கள்லயே ராணுவத்துக்குன்னு சேண ஃபேக்டரி வந்தாச்சு, அங்க செஞ்சதா இருக்கலாம். பலகைலயும் தேடுங்க, டார்ச்ச நேரா அடிக்காம சாச்சு அடிச்சா தேஞ்ச எழுத்துல நிழல் விழும். வளைவும் பலகையும் சேர்ற எடம் கீல் மாதிரி அசைஞ்சா ராணுவ சேணத்துல 1912 மாடல்.

குமாரு77:
தேங்காண்ணெய் தேச்சு வெயில்ல வைங்க பாஸ், எழுத்து பளிச்னு வரும். என் செருப்புக்கு அப்படித்தான்

சலங்கை:
ஐயோ வேணாம்! தொட்டா கைல செம்பொடி ஒட்டுதான்னு மொதல்ல பாருங்க. ஒட்டுச்சுன்னா தோல் இத்துப்போச்சு, எண்ணெயோ தண்ணியோ பட்டா கறுத்துடும், முத்திரையும் போய்டும். காஞ்ச பிரஷ் போதும்.

பழைய பட்டாளம்:
தம்பி தப்பா எடுத்துக்காதீங்க. அப்போ நெறைய ரெஜிமென்ட்ல சிலாதார் முறை, குதிரை சேணமெல்லாம் சிப்பாயோடதே. மெட்ராஸ் வழி வந்த 26, 27, 28 மூணும் அப்படி இல்ல, குதிரைலேர்ந்து வார் வரைக்கும் சர்க்காரோடது, கையோட கொண்டுவர விட்டிருக்க மாட்டாங்க. கழிச்ச சாமான ஏலத்துல எடுத்திருப்பார். 1938லேர்ந்து குதிரைப்படைய மோட்டாருக்கு மாத்தினாங்க இல்லையா, அந்த சமயமா கூட இருக்கலாம். அம்பு ஒண்ணுதானான்னு மறுபடி பாருங்க. ரெண்டு அம்பு முனையோட முனை முட்டுற மாதிரி இருந்தா சர்க்கார் வித்துட்டாங்கன்னு அர்த்தம்.

பரண்பூனை:
சார், இருக்கு. நான் கீறல்னு நெனச்சது தலைகீழா இன்னொரு அம்பு. அப்பாகிட்ட காட்டினேன், ஒண்ணும் பேசாம எந்திரிச்சு போய்ட்டார். பெரியத்தைக்கு ஃபோன் பண்ணா, ஆமாடா ஏலத்துல எடுத்ததுதான், எடுத்த காசுக்கு பாட்டி ஒரு மாசம் திட்டுனாங்கங்கறாங்க. இத்தன நாள் ஏன் சொல்லலன்னு கேட்டா, யாரு கேட்டீங்கன்னு சிரிக்கிறாங்க. செம்பொடி ஒட்டுது, அதனால எண்ணெய் கிட்டயே கொண்டு போகல. பலகைல டார்ச் சாச்சு அடிச்சதுல சி, ஏ, டபிள்யூ வரைக்கும் தெரியுது, மிச்சம் பூச்சி தின்னுடுச்சு.

சலங்கை:
மூணாவது டபிள்யூவா, அது வெள்ளக்காரன் காலத்து கான்பூர் ஸ்பெல்லிங், Cawnpore. ஃபோட்டோ போடுங்க.