மூன்று வழி ஸ்பீக்கருக்கு எந்த டிஜிட்டல் கிராஸ்ஓவர்?

கேள்வி:
நானே பெட்டி கட்டிய ஸ்பீக்கர்கள்: தாழ்ந்த ஒலிக்கு 10 அங்குல வூஃபர், நடு ஒலிக்கு 5 அங்குல மிட், உச்ச ஒலிக்கு 1 அங்குல ட்வீட்டர். பெரும்பாலும் நாதஸ்வரமும் தவிலும்தான் கேட்கிறேன். தவிலின் அடி தெளிவாக விழ வேண்டும். ஒலியை இந்த மூன்றுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஜிட்டல் கிராஸ்ஓவராக மினிடிஎஸ்பி 2×4 எச்டி போதுமா, பெஹ்ரிங்கர் டிசிஎக்ஸ்2496 வாங்கலாமா?

பதில் 1:
முதலில் வெளியீடுகளை எண்ணுங்கள். பக்கத்துக்கு மூன்று என்றால் ஆறு வேண்டும், மினிடிஎஸ்பியில் நான்குதான். பெஹ்ரிங்கரில் ஆறு உண்டு. ஆனால் அது மேடைக்கான கருவி, சிக்னல் அளவு அதிகம். ஒலியளவை அதற்கு முன்னால் குறைத்துக் கேட்டால் பின்னணி இரைச்சல் காதில் விழும். கட்டுப்பாடு அதற்குப் பின்னால், ஆறு சேனலுக்கும் சேர்த்து இருப்பதே நல்லது.

பதில் 2:
எதை வாங்கினாலும் ட்வீட்டருக்குத் தொடராக ஒரு கெபாசிட்டர் போடுங்கள், ஐயா. அமைப்பு மாறித் தாழ்ந்த அதிர்வெண் நேரே பாய்ந்தால் சுருள் கருகிவிடும்.

பதில் 3:
மிட்டுக்கும் ட்வீட்டருக்கும் இடையே பாஸிவ் கிராஸ்ஓவரையே (கெபாசிட்டர், காயில் கொண்ட சாதாரணப் பிரிப்பான்) வைத்துக்கொள்ளலாமே? வூஃபரை மட்டும் ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரியும் லிங்க்விட்ஸ்-ரைலி வடிகட்டியில் பிரித்தால் நான்கு வெளியீடுகள் போதும். மிச்சமாகும் பணத்தில் அளவீட்டு மைக் வாங்குங்கள். வூஃபர், மிட், ட்வீட்டர் ஒலிகள் காதுக்கு வந்து சேரும் தாமதத்தை அளக்காமல் சரிசெய்ய முடியாது: தூரத்தில் 3.4 சென்டிமீட்டர் வித்தியாசமே 0.1 மில்லிவினாடி.

கேள்வி கேட்டவர்:
மூன்றாவது யோசனைதான் எனக்குச் சரி. மைக்கோடு சேர்த்தே வாங்குகிறேன்.