புதுப்பிப்பு: எந்த பட்டனை அழுத்தினாலும் 5 என்றே வந்த சிக்கல் தீர்ந்தது

போன வாரம் கேட்டது இது: ஜாவாஸ்கிரிப்டில் ஐந்து பட்டன்கள், ஃபார் லூப்புக்குள் (ஒரே வேலையைச் சுற்றுச் சுற்றாகச் செய்யும் பகுதி) ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிக் ஹேண்ட்லர் (அழுத்தினால் ஓடும் ஃபங்ஷன்). அழுத்தினால் அந்தந்த பட்டனின் எண் வர வேண்டும், ஆனால் எதை அழுத்தினாலும் 5 என்றே காட்டியது. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது இரண்டாவது பதில். லூப்பின் அடைப்புக்குறிக்குள் சுற்றுகளை எண்ணும் மாறியை அறிவிக்கும் 'வார் ஐ' (var i) என்பதை 'லெட் ஐ' (let i) என்று மாற்றினேன். அவ்வளவுதான், 0 முதல் 4 வரை சரியாக வருகிறது. வார் போட்டால் ஃபங்ஷன் முழுக்க ஒரே மாறி. ஐந்து ஹேண்ட்லர்களும் அந்த ஒன்றையே பார்க்கின்றன. நாம் அழுத்தும் நேரத்தில் லூப் எப்போதோ முடிந்து, அதில் 5 உட்கார்ந்திருக்கிறது. லெட் ஒவ்வொரு சுற்றுக்கும் புது மாறி தருகிறது.

லூப்புக்கு மேலே தனி வரியில் 'லெட் ஐ' என்று அறிவித்தும் பார்த்தேன். பழையபடி 5 தான். அடைப்புக்குறிக்குள் இருப்பது முக்கியம்.

கான்ஸ்ட் (const, மதிப்பை மாற்ற முடியாதபடி அறிவிப்பது) போடச் சொன்ன யோசனை இங்கே சரிவரவில்லை. முதல் பட்டன் மட்டும் வேலை செய்தது. அப்புறம் ஐ-யில் ஒன்று கூட்டும் 'ஐ பிளஸ் பிளஸ்' (i++) வந்ததும் டைப் எரர். பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார் ஆஃப் (for...of) லூப்பில் கான்ஸ்ட் நன்றாகவே ஓடும்.

எதிர்பாராதது ஒன்று: லெட் போட்டதும் லூப்புக்குக் கீழே 'மொத்தம்' காட்டும் வரி ரெஃபரன்ஸ் எரர் தந்தது. அந்த வரியும் ஐ-யைத்தான் நம்பியிருந்தது. லெட் மாறி லூப்புக்கு வெளியே கிடையாது. அங்கே பட்டன் பட்டியலின் லெங்த்தை (எத்தனை பட்டன்கள் என்ற எண்ணிக்கை) போட்டேன், சரியாகிவிட்டது. வாரை மாற்றுபவர்கள் லூப்புக்குக் கீழுள்ள வரிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.