பாய்ந்து வரும் கரடிக்கு எந்தத் துப்பாக்கி?

வணக்கம் நண்பர்களே. பழுப்புக் கரடிகள் நடமாடும் ஆற்றோரத்தில் பத்து நாள் கூடாரம் போட்டு மீன் பிடிக்கப் போகிறோம், நானும் தம்பியும். கரடி ஸ்ப்ரே (கரடியை விரட்டும் மிளகாய்க் காரத் தெளிப்பான்) இருவரிடமும் இருக்கும். முதலில் கை போவது அதற்குத்தான். ஆனால் எதிர்க்காற்று அடித்தால் அது நம் கண்ணுக்கே திரும்பும், வீச்சும் சுமார் 10 மீட்டர்தான். அதனால் கூடவே ஒரு துப்பாக்கி.

12 கேஜ் ஷாட்கன்னில் (நீளத் துப்பாக்கி) ஸ்லக் தோட்டா, அதாவது சிறு குண்டுகளுக்குப் பதில் ஒரே பெரிய குண்டு, போட்டால் அடி பலமாக இருக்கும், தெரியும். ஆனால் இரண்டு கையிலும் தூண்டிலோடு தண்ணீரில் நிற்பவனுக்கு, கரையில் சாய்த்து வைத்த துப்பாக்கி இருந்தும் இல்லாததுதான். கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். 30 மீட்டர் தூரத்துக்கு இரண்டு விநாடி! எனவே மார்பு உறையில் கைத்துப்பாக்கி என்று யோசிக்கிறேன். 44 மேக்னம் ரிவால்வரா, 10 மி.மீ. பிஸ்டலா? முன்னதில் ஆறு தோட்டா, உதைப்பு பயங்கரம். ஒரு முறை சுட்டுவிட்டு மறுபடி குறி பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பின்னதில் பதினைந்து, ஆனால் பதற்றத்தில் பிடி தளர்ந்தால் தோட்டா சிக்கிக்கொள்ளுமே.

ஆழமாக ஊடுருவ ஹாலோ பாயிண்ட் (முனையில் குழியிருக்கும், பட்டதும் விரியும் குண்டு) வேண்டாம், கெட்டி ஈயக் குண்டே சரி என்கிறார்கள். உண்மைதானா? ஈர உடையோடு உறையிலிருந்து உருவிப் பழகியவர்கள் யாராவது சொல்லுங்களேன். (தம்பி கோடாரி போதும் என்கிறான். அவனை விடுங்கள்.)