நட்சத்திர வீரர்கள் அமெரிக்கக் கால்பந்துக்கு நிலையான ரசிகர்களைத் தருகிறார்களா?

கேள்வி:
2023 ஜூலையில் மெஸ்ஸி இன்டர் மயாமியில் சேர்ந்த பிறகு, அதுவரை எம்.எல்.எஸ். (அமெரிக்காவின் முதன்மைக் கால்பந்து லீக்) ஆட்டங்களையே பார்த்திராத என் நண்பர்கள் பலர் அவற்றைப் பார்க்கத் தொடங்கினர். அவர் களமிறங்காத நாளில் மட்டும் பார்ப்பதில்லை. அவர் ஓய்வு பெற்ற பின் இவர்களில் எத்தனை பேர் எஞ்சுவார்கள்?

பதில் 1:
உங்கள் கவலைக்கு வரலாற்றில் ஆதாரம் உண்டு. பெலே 1975இல் நியூயார்க் காஸ்மாஸ் அணிக்கு வந்தார். 1977இல் அவ்வணியின் ஓர் ஆட்டத்துக்கு 77,691 பேர் திரண்டனர். அவ்வாண்டே அவர் விடைபெற்றார். காஸ்மாஸ் ஆடிய அன்றைய வட அமெரிக்கக் கால்பந்து லீக்கும் 1984 பருவத்தோடு முடிவுக்கு வந்தது. ஆனால், 24 அணிகள் வரை அவசரமாக விரிந்ததும், காஸ்மாஸுக்கு ஈடுகொடுக்க முயன்ற அணிகள் வருமானத்தை மீறிச் செலவிட்டதுமே அந்த வீழ்ச்சிக்கு முதன்மைக் காரணங்கள் என்று கருதுகிறேன். பெலேயைக் குறை சொல்வது நியாயமன்று.

பதில் 2:
நட்சத்திரம் ரசிகரைவிட அமைப்பையே அதிகம் விட்டுச்செல்கிறார். 2007இல் இங்கிலாந்து வீரர் பெக்காம் எம்.எல்.எஸ்.ஸுக்கு வந்தபோது, நட்சத்திர வீரர்களுக்கு அணியின் ஊதிய உச்சவரம்பிலிருந்து விலக்களிக்கும் விதி பிறந்தது. பின்னாளில் ஓர் அணியை வாங்கும் உரிமையும் அவரது ஒப்பந்தத்தில் இருந்தது. அதன் விளைவே இன்டர் மயாமி. நிலையான ரசிகர்களைக் காண வேண்டுமானால் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரைப் பாருங்கள்: 2017இல் அதன் எம்.எல்.எஸ். அணியை டெக்சாஸின் ஆஸ்டினுக்கு மாற்றும் திட்டம் வெளியானபோது, ஊர் மக்களே திரண்டு போராடி, அதைத் தங்கள் ஊரிலேயே தக்கவைத்தார்கள்.

பதில் 3:
என் மகள் மெஸ்ஸியைப் பார்க்கத்தான் முதன்முதலில் அரங்கத்துக்கு வந்தாள்; இப்போது எங்கள் ஊர் அணியின் கோல்காப்பாளர் பெயரைச் சொல்லி ஆரவாரிக்கிறாள்.