புதுப்பிப்பு: காளான் கிரீம் சூப்பின் மணமும் திரிதலும்

காளான் கிரீம் சூப்பை வீட்டிலேயே செய்வது பற்றி நான் முன்பு எழுதியதில், 400 கிராம் பட்டன் காளான், வெண்ணெயும் மைதாவும் தலா 30 கிராம், காய்கறி வேகவைத்த நீர் முக்கால் லிட்டர், கிரீம் 100 மில்லி என்று அளவு கொடுத்திருந்தேன். மணம் போதவில்லை, கிரீம் திரிந்துவிடுகிறது என்ற இரண்டு குறைகளையே பலரும் சொல்லியிருப்பதால், அவற்றுக்கு மட்டும் இங்கே விளக்கம் தருகிறேன்.

மணம் பெரும்பாலும் வதக்குவதில்தான் இருக்கிறது. காளானின் எடையில் ஏறத்தாழ 90 சதவீதம் நீர் என்பதால், சிறிய பாத்திரத்தில் குவித்துப் போட்டால் அது வதங்காமல் தன் நீரிலேயே வெந்துவிடும். அகன்ற வாணலியில், நல்ல தீயில், இரண்டு தடவையாகப் பிரித்துப் போட்டு, விட்ட நீர் முழுவதும் சுண்டி, 'சொய்' என்ற ஓசை மீண்டும் எழுந்து, துண்டுகளின் ஓரம் பழுப்பேறும் வரை பொறுத்திருக்க வேண்டும். அடியில் ஒட்டிய பழுப்பையும் சிறிது நீர் விட்டுச் சுரண்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள்; என்னைக் கேட்டால், பாதிச் சுவை அதில்தான் இருக்கிறது.

கொதிக்கும் சூப்பில் குளிர்ந்த கிரீமை நேரடியாக ஊற்றினால் அது திரிய வாய்ப்புண்டு. அடுப்பை அணைத்துவிட்டு, இரண்டு கரண்டி சூடான சூப்பை முதலில் கிரீமில் கலந்து, பிறகு அதைப் பாத்திரத்தில் ஊற்றுங்கள். கிரீமுக்குப் பதிலாகக் கொழுப்பு நீக்கிய பாலைச் சேர்ப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் அது இன்னும் எளிதில் திரியும். உறைய வைப்பதாக இருந்தால், கிரீம் சேர்ப்பதற்கு முன்பே தேவையானதை எடுத்து வைத்துவிடுங்கள்.